எடை போடாத நீர்

வெள்ளி ஏற்றிய டைட்டானியம் டைஆக்சைடைச் சால்-ஜெல் முறையில், அதாவது கரைசலை ஜெல்லாக இறுகவைத்து, செய்யப் பழகிய காலத்தை நினைத்தால், முதலில் எழுந்து வருவது தராசுதான். எட்டு கிராம் டைட்டானியம் டைஆக்சைடில் நூற்றுக்கு ஒரு பங்கு வெள்ளி உட்கார வேண்டுமென்றால் 80 மில்லிகிராம் வெள்ளி தேவை. அதற்கு 126 மில்லிகிராம் வெள்ளி நைட்ரேட் எடுக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, தராசின் கண்ணாடிக் கதவுகளைச் சாத்தி, நான்கு தசம இடம் வரை எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து அதை எடுப்பது வழக்கம். விலையுயர்ந்த பொருள், கவனம் வேண்டியதுதான். ஆனால் அதே கலவைக்குள் எவ்வளவு நீர் போகிறது என்பதை அந்தக் கவனத்தில் பத்தில் ஒரு பங்கோடுகூட யாரும் பார்ப்பதில்லை. ஆல்கஹாலோடு வந்த நீர், காற்றிலிருந்து இறங்கிய நீர், காயாத பீக்கரின் சுவரில் ஒட்டியிருந்த நீர் எதற்கும் குறிப்பேட்டில் கட்டம் கிடையாது. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் இந்த வேதியியலோடு பழகியதில் எனக்கு மெல்ல உறுதிப்பட்ட எண்ணம் ஒன்று உண்டு: உலோக நானோ துகள் வினையூக்கியின் குணத்தை, உலோகம் கண்ணுக்குத் தெரியும் முன்பே, நீரும் நேரமும் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன. அவற்றை அளந்து எழுதாத செய்முறை பாதிச் செய்முறைதான்.

வினையூக்கியில் வேலை செய்வது மேற்பரப்பில் இருக்கும் அணுக்கள் மட்டுமே. உள்ளே புதைந்த அணு, எவ்வளவு உயர்ந்த உலோகமானாலும், வெறும் சுமை. பத்து நானோமீட்டர் விட்டமுள்ள உலோகத் துகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அணுக்களே வெளியே இருக்கும். ஒன்றிரண்டு நானோமீட்டருக்கு இறங்கினால் பாதிக்கு மேல் வெளியே வந்துவிடும். சிறிதாக்கினால் அளவு மட்டுமல்ல, சில சமயம் சுபாவமே மாறிவிடும். நகையாகத் தலைமுறைகள் கடந்தும் கருக்காத தங்கம், ஆக்சைடு தளத்தின்மேல் சில நானோமீட்டர்த் துகளாக உட்கார்ந்தால் கார்பன் மோனாக்சைடைக் குளிரிலேயே எரிக்கும் என்று ஜப்பானின் மசடாகே ஹருட்டா 1987இல் காட்டினார். ஆனால் இத்தனை சிறிய துகள்கள் தனியாக நிற்கா. ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, மேற்பரப்பை இழந்துவிடும். அவற்றை ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் உட்கார வைக்கத்தான் சிலிக்கா, அலுமினா, டைட்டானியா (டைட்டானியம் டைஆக்சைடு) போன்ற தாங்கு பொருள். தாங்கு பொருளை முதலில் செய்துவிட்டு உலோகக் கரைசலில் ஊற வைப்பது ஒரு வழி. சால்-ஜெல் முறையில் இரண்டும் ஒரே கலத்தில் உருவாகின்றன. உலோக அயனிகள் கரைசலில் சீராகப் பரவியிருக்கும்போதே அவற்றைச் சுற்றி ஆக்சைடு வலை பின்னப்படுகிறது. வீடு கட்டிவிட்டுக் குடியேறாமல், ஆள் இருக்கும்போதே சுற்றிச் சுவர் எழுப்புவது போன்றது இது. சுவர் எப்படி எழுகிறது என்பதைப் பொறுத்தே உள்ளே இருப்பவரின் கதி.

சுவரை எழுப்புவது நீர். டைட்டானியம் ஐசோபுரோப்பாக்சைடு என்ற திரவத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு டைட்டானியம் அணுவையும் நான்கு ஆல்காக்சைடு கைகள் பிடித்திருக்கின்றன. நீர் வந்து அந்தக் கைகளை ஒவ்வொன்றாக விடுவிக்கிறது. விடுபட்ட இடங்கள் ஆக்சிஜன் வழியாக ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. கோக்கும்போது கொஞ்சம் நீர் திரும்ப வெளியே வருவதால், நிகரக் கணக்கில் ஒரு மோல் டைட்டானியத்துக்கு இரண்டு மோல் நீர் போதும். மேலே சொன்ன எட்டு கிராம் டைட்டானியாவுக்கு, அதாவது 28.4 கிராம் ஐசோபுரோப்பாக்சைடுக்கு, வேண்டிய நீர் 3.6 கிராம்தான். இனி ஆல்கஹாலைப் பார்ப்போம். ரெக்டிபைடு ஸ்பிரிட் என்று ஆய்வகங்களுக்கு வருவதில் எடையில் நூற்றுக்கு 4.4 பங்கு நீர் இருக்கும். சாதாரணக் காய்ச்சி வடித்தலால் அதற்குக் கீழே இறக்க முடியாது. அந்த ஸ்பிரிட்டில் 100 மில்லிலிட்டரை எடுத்தால் சுமார் 3.5 கிராம் நீர் கூடவே வந்துவிடுகிறது. அதாவது, 'இப்போது நீரைச் சேர்க்கவும்' என்ற வரியைச் செய்முறையில் எட்டும் முன்பே, வேண்டிய நீர் அனேகமாக முழுவதும் உள்ளே போயாகிவிட்டது. தமிழ்நாட்டில் எத்தனால் வாங்கக் கலால் அனுமதி வேண்டும் என்பதால் பல ஆய்வகங்கள் ஐசோபுரோப்பனாலுக்கு மாறிக்கொள்கின்றன. அதுவும் திறந்து வைத்தால் ஈரத்தை இழுக்கும் திரவமே. 126 மில்லிகிராமில் அரை மில்லிகிராம் பிசகினால் திரும்ப எடை போடுகிறோம். மூன்றரை கிராம் நீரோ கணக்குக்கு வெளியே நிற்கிறது.

காற்றின் பங்கும் சிறியதல்ல. முப்பது டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் 24 கிராம். கொள்ளிடத்துக்கும் பிச்சாவரத்துக் கழிமுகத்துக்கும் நடுவில், வங்கக் கடலுக்குப் பக்கத்தில், வடகிழக்குப் பருவமழையை நேராக வாங்கும் ஊருக்கு 80 விழுக்காடு ஒன்றும் அதிசயமில்லை. ஐசோபுரோப்பாக்சைடு புட்டியைத் திறந்து மூடிய சிறிது நேரத்தில் அதன் கழுத்தில் வெள்ளைப் பொடி படிவது, அந்தக் காற்று தன் வேலையைத் தொடங்கிவிட்டதற்கு அடையாளம். ஈரம் நீக்கும் கலமான டெசிக்கேட்டருக்குள் போட்ட நீலச் சிலிக்கா ஜெல் மணிகள் ஐப்பசி, கார்த்திகையில் இளஞ்சிவப்பாக மாறுவதை அங்கே வேலை செய்த எல்லாருமே பார்த்திருப்பார்கள். ஓவனில் சூடாக்கி நீலத்தை மீட்பதும் மழைக்கால வழக்கங்களில் ஒன்று. அந்த மணிகளும் ஒரு காலத்தில் ஜெல்லாக இருந்து உலர்ந்தவையே. ஈரத்தால் பிறந்தது, பிறகு ஈரத்தைக் காட்டிக் கொடுக்கிறது. இந்த வேதியியலின் பிறப்பே அப்படித்தான். 1846இல் பிரான்சின் ழாக்-ஜோசப் எபெல்மென் சிலிக்கான் டெட்ராகுளோரைடையும் ஆல்கஹாலையும் சேர்த்துப் பெற்ற திரவம், ஈரக் காற்றுபட்டு மெல்ல மெல்லக் கண்ணாடி போல இறுகியது. நீரை யாரும் ஊற்றவில்லை, காற்று கொடுத்தது. 'சால்', 'ஜெல்' என்ற சொற்களைத் தாமஸ் கிரகாம் தந்தது அதற்குப் பிறகு, 1860களில். ஆகவே ஈரக் காற்று இந்த முறைக்கு வெளியிலிருந்து வந்த தொல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. முதல் நாளிலிருந்தே அது உள்ளே இருக்கும் மூலப்பொருள்.

நீரின் அளவு மட்டுமல்ல, அது எந்த வேகத்தில் வேலை செய்கிறது என்பதும் சேர்ந்தால்தான் ஜெல்லின் குணம் வரும். வீட்டில் பாலுக்கு உறை ஊற்றுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உறைமோர் கூடினால், வெக்கை கூடினால், தயிர் சீக்கிரம் உறையும், ஆனால் புளித்துத் திரிதிரியாகும். பதமான சூட்டில் அசைக்காமல் விட்டால் கத்தியால் வெட்டும்படி கட்டியாக வரும். தயிர் உண்மையிலேயே ஒரு ஜெல். உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. பால் புரதம் வலையாகக் கோத்து நீரைச் சிறைபிடித்திருக்கிறது. டைட்டானியம் ஆல்காக்சைடில் நீரை நேராக ஊற்றினால் நொடியில் வெள்ளைத் திரிதல்தான் கிடைக்கும், வலை கிடைக்காது. அதைத் தடுக்கத்தான் அசிட்டிக் அமிலமோ அசிட்டைல்அசிட்டோனோ முன்கூட்டியே சேர்ப்பது: டைட்டானியத்தின் கைகளில் சிலவற்றை அவை பிடித்துக்கொண்டு, நீர் அவசரப்படாமல் பார்த்துக்கொள்கின்றன. சிலிக்காவுக்கான டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட்டோ நேர்மாறான சோம்பேறி. நீரோடு கலக்கவே மறுக்கும், ஆல்கஹாலும் சொட்டு அமிலமும் கொடுத்து நகர்த்த வேண்டும். அமிலத்தில் நகர்ந்தால் மெல்லிய கிளைச் சங்கிலிகளாக வளர்ந்து மிக நுண்ணிய துளைகள் தரும். காரத்தில் நகர்ந்தால் உருண்டைகளாகத் திரண்டு அகன்ற துளைகள் தரும். பீக்கரைச் சாய்த்தாலும் உள்ளிருப்பது நகராத அந்தக் கட்டத்தை 'ஜெல் ஆகிவிட்டது' என்று குறித்துக்கொண்டு பலர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் அதற்குப் பிறகும் வலை உள்ளுக்குள் கோத்துக்கொண்டும் சுருங்கிக்கொண்டும் இருக்கும். கட்டித் தயிரை மறுநாள் பார்த்தால் மேலே தெளிநீர் விட்டிருக்கும் அல்லவா, அதேபோல ஜெல்லும் திரவத்தை வெளியே கக்கும். இந்த முதிர்ச்சிக் காலத்தில் வலையின் கழுத்துகள் தடித்து வலுப்பெறுகின்றன. ஒரு இரவு விட்டதற்கும் நான்கு நாள் விட்டதற்கும் பொடியில் வேறுபாடு வரும். ஆனால் கட்டுரைகளில் 'சில நாட்கள் முதிர்த்தபின்' என்று ஒரே வரியில் கடந்துவிடுவதே அதிகம்.

உலர்த்துவதில்தான் பெரும்பாலான ஜெல்கள் சாகின்றன. வீராணத்துத் தண்ணீர் வற்றியபின் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களிமண் வயல்கள் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்தவர்கள் பீக்கரின் அடியில் வெடித்துக் கிடக்கும் ஜெல்லைக் கண்டு வியக்க மாட்டார்கள். இரண்டிலும் வேலை செய்வது ஒரே விசை. நுண்துளையில் இருக்கும் நீர் பின்வாங்கும்போது அதன் பரப்பு இழுவிசை துளையின் சுவர்களை உள்நோக்கி இழுக்கிறது; துளை குறுகக் குறுக இழுப்பு கூடுகிறது. ஆரம் இரண்டு நானோமீட்டர் என்றால் நீரின் இழுப்பு ஏறத்தாழ 700 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். வலுவற்ற சுவர் நிற்காது. அதே துளையில் ஆல்கஹால் இருந்தால் இழுப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். உலர்த்துவதற்கு முன் ஜெல்லை ஆல்கஹாலில் மாற்றி மாற்றிக் கழுவச் சொல்வது இதற்காகத்தான், வெறும் சுத்தத்துக்காக மட்டுமல்ல. 1931இல் சாமுவேல் ஸ்டீபன்ஸ் கிஸ்ட்லர் இந்த இழுப்பையே ஒழித்துக்கட்ட வழி கண்டார். திரவம், ஆவி என்ற வேறுபாடே மறையும் வெப்ப அழுத்த நிலைக்குக் கொண்டுபோய் வெளியேற்றினால் பரப்பும் இல்லை, இழுவிசையும் இல்லை, கிடைத்தது ஏரோஜெல். அதற்கான உயர் அழுத்தக் கலம் எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் செய்யக்கூடியது குயவர் செய்வதுதான்: பச்சை மண்பானையை வெயிலில் வைக்காமல் நிழலில் மெல்ல உலரவிடுவது. பீக்கரின் வாயை மூடிய காகிதத்தில் சில துளைகள் போட்டு நாட்கணக்கில் விட்டுவிடுவதும் அந்தப் பொறுமையே. மழைக்காலத்து ஈரக் காற்று இங்கே உதவியாளராகிவிடுகிறது. மெல்ல உலர்த்த அதைவிட மலிவான கருவி கிடையாது. தொடக்கத்தில் கெடுத்த அதே ஈரம் இந்தக் கட்டத்தில் காப்பாற்றுகிறது என்றால், குறிப்பேட்டில் அதற்கு ஓர் இடம் கேட்பது அதிகப்படியா?

பிறகு மஃபிள் ஃபர்னஸ் என்ற மின் உலை. கரிமக் கழிவுகளை எரித்து, டைட்டானியாவை அனட்டேஸ் என்ற படிக வடிவத்துக்குக் கொண்டுவர 400 முதல் 500 டிகிரி வரை சூடாக்குகிறோம். கூட்டினால் அது ரூட்டைல் என்ற இன்னொரு படிக வடிவமாக மாறத் தொடங்கி மேற்பரப்பை இழக்கும். வெள்ளிக்கும் இது ஆபத்தான சூடு. உலோகத்தின் உருகுநிலையைக் கெல்வினில் எழுதிப் பாதியாக்கினால் கிடைக்கும் வெப்பநிலையை ஒட்டி அதன் அணுக்கள் நடமாடத் தொடங்கும் என்பது ஒரு தோராய விதி. வெள்ளிக்கு அது ஏறத்தாழ 345 டிகிரி, தங்கத்துக்கு 395. ஆக நாம் சூடாக்கும் வெப்பநிலையில் இரண்டுமே நடமாடும் நிலையில்தான் இருக்கின்றன. அவை கூடிப் பெருகாமல் தடுப்பது, முன்பே எழுந்து நிற்கும் துளைச் சுவர்கள். சுவர் உலர்த்தும்போது இடிந்திருந்தால் இங்கே அதன் விலை தெரியும். 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே பல மணி நேர மின்வெட்டு நிலவியபோது, உலை நடுவில் ஆறி மீண்டும் ஏறிய மாதிரிகளைத் தள்ளுவதா வைப்பதா என்பது நியாயமான கேள்வியாகவே இருந்தது. இன்றும் என் பதில் ஒன்றுதான்: நடந்ததை எழுதி வைத்தால் அதுவும் ஒரு சோதனை, எழுதாவிட்டால் மட்டுமே அது குப்பை.

நீரையும் நேரத்தையும் அளந்து எழுத வேண்டும் என்ற இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு எளிதாக வரும். ஈரம் தொல்லை என்றால் நைட்ரஜன் நிரப்பிய கையுறைப் பெட்டியில் செய்துவிட்டுப் போகலாமே, ஊரின் காற்றை ஏன் வேதியியலுக்குள் இழுக்க வேண்டும்? பெட்டி இருப்பவர்கள் அப்படிச் செய்வது சரிதான். ஆனால் பெட்டிக்குள்ளும் நீரை ஒரு கட்டத்தில் சேர்த்தே ஆக வேண்டும்; அளந்து சேர்ப்பதற்காகத்தான் பெட்டியே. என் வேண்டுகோளும் அளப்பதுதான். தவிர, தமிழ்நாட்டில் இந்தப் பொடிகளைச் செய்யும் பெரும்பாலான கல்லூரி ஆய்வகங்களில் அப்படி ஒரு பெட்டி இல்லை. அவை அதற்காகக் காத்திருக்கவும் கூடாது. நாளை இதே பொருளைக் கிலோக்கணக்கில் செய்ய வேண்டிவந்தால், கடலூர் சிப்காட் போன்ற கடலோரத் தொழிற்பேட்டைக் கொட்டகையில், இதே காற்றில்தான் செய்ய வேண்டியிருக்கும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. தொழில் உலகம் பெரும்பாலும் ஊறவைக்கும் முறையைத்தான் நம்புகிறது. தயாராக வாங்கிய அலுமினா மணிகளை உலோக உப்புக் கரைசலில் நனைத்து, உலர்த்தி, சுட்டால் தீர்ந்தது. ஆல்காக்சைடின் விலையும் இல்லை, நாள்கணக்கில் காத்திருப்பும் இல்லை. சால்-ஜெல்லில் இன்னொரு குறை, வலை பின்னும்போது உலோகத்தின் ஒரு பகுதி சுவருக்குள்ளேயே புதைந்துவிடலாம். வினைபடுபொருள் எட்டாத இடத்தில் கிடக்கும் பிளாட்டினத்தால் யாருக்குப் பயன்? இரண்டையும் நான் மறுக்கவில்லை. எளிய வேலைக்கு ஊறவைத்தலே போதும், அங்கே சால்-ஜெல்லைத் திணிப்பது வீண் செலவு. உலோகம் மிகச் சீராகப் பரவ வேண்டிய இடத்தில், சூட்டில் கூடிப் பெருகாமல் நெடுநாள் நிற்க வேண்டிய இடத்தில்தான் இது தன் விலைக்கு ஈடுகொடுக்கும். புதைந்த உலோகத்தைப் பற்றிய கவலைக்கு அளவீட்டில் பதில் உண்டு. பிளாட்டினம், பல்லேடியம் என்றால் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் ஹைட்ரஜனின் அளவைக் கொண்டு வெளியே இருக்கும் அணுக்களை எண்ணலாம். மின் நுண்ணோக்கியில் தெரியும் துகள் அளவுக்கு ஏற்ற எண்ணிக்கை வரவில்லை என்றால் மீதி புதைந்திருக்கிறது என்று பொருள். அந்தப் புதைவைக் கூட்டுவதும் குறைப்பதும் அமிலமா காரமா, நீர் எவ்வளவு, எத்தனை நாள் முதிர்ச்சி என்ற அதே மூன்று கேள்விகள்தான். மறுப்பு என் வாதத்தை வலுவாக்கிவிட்டே போகிறது.

மூன்றாவது, இந்த வட்டாரத்தையே தொடும் மறுப்பு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் ஒளிபட்டு வேலை செய்யும் ஒளிவினையூக்கிகளை ஆராய்வதில் நீண்ட மரபு உண்டு. சி. கருணாகரனும் உடன் ஆய்வாளர்களும் சால்-ஜெல் முறையில் செய்த துத்தநாக ஆக்சைடையும் வெள்ளி சேர்த்த துத்தநாக ஆக்சைடையும் ஒப்பிட்டு, ஒளிவினையூக்கத்திலும் பாக்டீரியாவைக் கொல்வதிலும் வெள்ளியின் பங்கை 2011இல் எழுதினார்கள். எம். சுவாமிநாதன் குழுவினர் வெள்ளி ஏற்றிய ஆக்சைடுகளைக் கொண்டு, சூரிய ஒளியில் சாயங்களைச் சிதைப்பதைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தார்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத, சாயக் கழிவு என்ற சொல்லை மக்கள் செய்தித்தாளில் படிக்கும் மாநிலத்தில் இது பொருத்தமான தேர்வு. கேட்கப்படும் கேள்வி இதுதான்: காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு சாயத்தைக் கரைத்து, அதன் நிறம் மறைந்ததும் வினையூக்கி வென்றுவிட்டது என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது என்பதே என் கருத்தும். நிறம் போவதற்குச் சாயம் பொடியில் ஒட்டிக்கொண்டிருப்பதும் காரணமாகலாம். இருட்டில் கலக்கிப் பார்க்காமல் சொன்ன எண்ணுக்கு மதிப்பில்லை. நிறம் போனாலும் கரிமம் நீரிலேயே இருக்கலாம். மொத்தக் கரிமத்தை அளந்தால்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு. வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால் குழாய்த் தண்ணீர் பால் போலக் கலங்கும் சோதனையைப் பள்ளியிலேயே பார்த்துவிடுகிறோம். கடலோரக் கழிவுநீரில் குளோரைடு அதைவிட எத்தனையோ மடங்கு. அது வெள்ளித் துகளின் மேற்பரப்பை வெள்ளி குளோரைடாக மாற்றலாம். சாயத்தைத் தாக்க வேண்டிய ஹைட்ராக்சில் தனி உறுப்புகளையும் வழியிலேயே பிடித்துக்கொள்ளும். இந்த நிலையில் வெள்ளித் துகள் சுவரின் மேல் அம்மணமாக நிற்கிறதா, துளைக்குள் அடங்கி நிற்கிறதா என்பது வாழ்வா சாவா என்ற வேறுபாடு. ஜெல்லின் துளையைப் பற்றிக் கவலைப்படாமல் கழிவுநீரைப் பற்றிக் கவலைப்பட முடியாது.

இத்தனைக்கும் குறிப்பேட்டில் கேட்பது சில கட்டங்கள். ஆல்கஹால் எந்தப் புட்டி, திறந்து எத்தனை நாள், அதில் நீர் எவ்வளவு, அறையின் வெப்பமும் ஈரப்பதமும், பீக்கர் சாய்ந்தும் நகராத நேரம், கக்கிய திரவத்தின் அளவு, உலர்ந்த நாட்கள், உலையின் ஏற்ற வேகமும் இடையில் நின்றிருந்தால் அந்த நேரமும். எழுதுவதற்குச் செலவில்லை. ஆல்கஹாலின் நீரை அளக்கக் கார்ல் ஃபிஷர் முறை இல்லாவிட்டால், அடர்த்திக் குப்பியில் எடை போட்டாலே நெருங்கி வந்துவிடலாம். எடை போட்ட நீரைப் பிறகு வேண்டுமென்றே, அசிட்டிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கலாம், 3.6 கிராமுக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மட்டும். காற்றின் ஈரத்துக்கு ஈர–உலர் குமிழ் வெப்பமானி ஒன்று போதும். தராசு மேசைக்கு மேலே சுவரில் மாட்டி, அதன் திரியைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து வைக்க வேண்டும்.